முதுகுப் படம்

எங்கள் வட்டத்தில் எவருக்கும் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் வட்டத்தின் பெயர் 'மலைநாட்டுப் பறவை அவதானிப்போர் வட்டம்'. காகம் தெரியும், மைனா தெரியும். மற்றதெல்லாம் எங்களுக்கு 'அரிய வகை'. வட்டத்துக்கென்று ஒரேயொரு பைனாகுலர் இருக்கிறது. அதன் இடது கண்ணில் பூஞ்சணம் பிடித்திருப்பதால், எதைப் பார்த்தாலும் பனிக்குள் நிற்பதுபோல் தெரியும். நுவரெலியாப் பக்கத்தில் எல்லாமே பனிக்குள்தான் நிற்கும் என்பதால் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும், பையன் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்கிறவர்களும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் ஒரு வேனில் ஏறி, பகல் முழுக்க இஷ்டத்துக்குச் சிரித்துவிட்டு, விளக்கு வைக்கும் முன் வீடு வந்து சேரவேண்டுமென்றால், வீட்டில் ஏதாவது சொல்லியாக வேண்டும். கோயில் என்றால் அம்மாவும் வருகிறேன் என்பாள். கிரிக்கெட் என்றால் என் தொப்பையைப் பார்த்துவிட்டுப் பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். குருவி பார்க்கப் போகிறோம் என்றால் கூட வர யாருக்கும் ஆசை வராது. பாவம், புத்தி இப்படிப் போய்விட்டதே என்று ஒரு பார்வை மட்டும் பார்ப்பார்கள். அது எங்களுக்குப் பழகிய பார்வைதான்.

என் பெயர் அழகன். பெற்றோர் விளையாட்டாக வைத்த பெயர் என்றுதான் நினைக்கிறேன். ஹட்டனில் கலியாணக் காட் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். வட்டத்தைவிட்டு வீட்டாருக்குப் பணிந்து கலியாணம் கட்டிக்கொண்டு போனவர்களுக்கும் நான்தான் காட் அடித்துக் கொடுத்தேன், பத்து வீதம் கழிவோடு. வட்டத்துக்கு டீசேர்ட் அடித்ததும் நான்தான். முதுகில் ஒரு மயில். கலியாணக் காட்டில் இருந்த மயில் என்பதால் அதன் வாயில் இன்னும் ஒரு மாலை தொங்குகிறது.

மயிலை ஏன் முதுகில் அடித்தேன் என்றால், எங்கள் படங்களில் முதுகு மட்டும்தான் விழும். அது நிப்ராஸ் போட்ட சட்டம். ஹட்டன் பிரதான வீதியில் அவனுடைய வாப்பாவின் இரும்புச் சாமான் கடை. ஊரே வந்துபோகும் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன், முகத்தைப் பற்றி எங்களில் யாரையும்விட அதிகம் பயந்தான். "மொகத்த எடுக்க வேணாம். முதுகுக்கு அடையாள அட்டை இல்ல" என்பான். எந்த இடத்துக்குப் போனாலும் கடைசியில் ஒரு படம். எல்லோரும் கைகோத்து வரிசையாக நிற்போம், முகம் பள்ளத்தாக்குக்கு, முதுகு கமெராவுக்கு. எடுக்கிறவர் "திரும்பலாம்" என்று சொல்லும்வரை யாரும் கழுத்தைக்கூட அசைக்கக் கூடாது. முன்பொருமுறை வட்டத்தில் ஒருத்தியான நிலக்ஷி தும்மலில் திரும்பிவிட்டாள் என்று நிப்ராஸ் அந்தப் படத்தை அழித்து, அழித்த இடத்திலிருந்தும் அழித்து, மூன்று நாள் தூங்காமல் இருந்தான்.

போன வருடம் கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மொட்டைப் பாறை என்று சொல்கிற இடத்தில் படம் எடுத்தோம். எங்கள் வேன் டிரைவர் ஹமீத் நானாதான் எப்போதும் எடுப்பார். அன்றைக்கு அவர் அழுத்திய கையோடு பின்னால் ஒரு மரக்கறி லொறி வந்து ஹோர்ன் அடித்தது. வேன் பாதையை மறித்துக்கொண்டு நின்றது. நானா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். நாங்களும் கலைந்து ஓடினோம். நிப்ராஸ் மட்டும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். வாடா என்றேன். "இன்னும் திரும்பச் சொல்லல்லயே" என்றான். பிறகு முதுகைக் காட்டியபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வேன்வரைக்கும் வந்து, முதுகாலேயே படியேறி உட்கார்ந்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம். நானா லொறிக்காரனோடு சிங்களத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த விஷயம் யாருக்கும் ஞாபகமில்லை.

அந்தக் கிழமையே, கடைச் சாமான் விஷயமாக மோட்டார் சைக்கிளில் போன நிப்ராஸ், கினிகத்தேனை வளைவில் மழையில் வழுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். யாருடைய கலியாணத்துக்கோ தங்க எழுத்து அடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பக்கம் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். முகம் பார்க்க வருகிறவர்கள் வரிசையில் போய்ப் பார்க்கலாம். வட்டத்தில் நிப்ராஸின் ஜோடி விஜிதரன். அவன் அன்று போன் உதிரிப்பாகம் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டார்கள். மூடியதைத் திற என்று கேட்க அவன் யார்? கடை வாடிக்கையாளன். ஏழு வருடமாக அந்தக் கடைக்கு ஆணி வாங்கப் போகிறவன். அவ்வளவு ஆணியை வைத்து அவன் வீடே கட்டியிருக்கலாம்.

விஜிக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை. தண்ணீரில் விழுந்த போன், உடைந்த போன், பெண்டாட்டிக்குப் பயந்து அழித்த படம், எல்லாவற்றையும் மீட்டுக் கொடுப்பான். நிப்ராஸின் முகம் மட்டும் அவனிடம் கிடையாது. மீட்பதற்கு ஒரு படமாவது எடுத்திருக்க வேண்டும் அல்லவா. இருக்கிறதெல்லாம் முதுகு. அந்த மயில்கூட மற்றவர்களுடையது மாதிரி நீலம் இல்லை, சிவப்பு. அவனுடைய சேர்ட் வரும்போது எனக்கு நீல மை முடிந்துபோயிருந்தது.

போன மாதம் விஜி கடைக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். மாதிரிக்கு வைத்திருந்த கலியாணக் காட் ஒன்றில் மணமக்கள் பெயரை விரலால் தடவிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்:

"கனவுல வர்றான்ண்ணே. முதுகுதான் வருது. முன்னால போய்ப் பாக்கலாம்னு சுத்துனா அவனும் சேர்ந்து சுத்துறான்."

ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"மொகம் மறந்துகிட்டு வருதுண்ணே. மூக்கு எப்படி இருந்துச்சுன்னு நேத்து யோசிச்சேன். தெரியல. அந்தப் பாறைக்கு ஒருக்கா போவோம். அங்கதான் கடைசியா நின்னான்."

போய் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தப் பாறைக்கு முன்னால் பிடிக்க ஒரு கம்பிகூடக் கிடையாது, நேரே பள்ளம். சரி என்றேன். ஆனால் அவனைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரியே கூட்டிக்கொண்டும் வரவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைய பயணத்தில் என் வேலை அது ஒன்றுதான்.

போயா அன்று காலை டிக்கோயாவில் என்னை ஏற்றிக்கொண்டு, ஹட்டனில் விஜியையும் நிலக்ஷியையும் எடுத்து, கொட்டகலையில் மீனம்மாவுக்கும் சுலக்ஷனாவுக்கும் நிறுத்தினோம். நிலக்ஷி தையல்காரி. வேனில் ஏறியதும் முன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி லிப்ஸ்டிக் போடுவாள், ஹமீத் நானா பின்னால் வரும் வாகனத்தை ஊகித்து ஓட்டவேண்டும். மீனம்மா தேயிலை ஃபக்டரியில் சல்லடைப் பக்கம் வேலை. சுலக்ஷனா பாலர் பாடசாலை டீச்சர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆறு வருடமாக 'வாடகைக்கு அறை எடுத்து' இருக்கிறார்கள். நாங்கள் யாரென்று ஹமீத் நானாவுக்குத் தெரியுமா என்பது எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் குருவியைப் பற்றிக் கேட்டதில்லை.

அவரிடம் புதிதாக ஒரு பழக்கம் மட்டும் வந்திருந்தது. எல்லோரும் ஏறிய பிறகும் சறுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் சாத்துவார். இந்த ஒரு வருடமாக இப்படித்தான். கதவின் உருளை தேய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். எண்ணெய் விடச் சொல்லி ஆலோசனைகூடக் கொடுத்திருக்கிறேன்.

விஜி கடைசிச் சீட்டில் ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தான். ஜன்னல் பக்கம் நிப்ராஸின் இடம். நிலக்ஷி அங்கே தன் பையை வைக்கப் போனாள், பிறகு வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

தலவாக்கலை தாண்டி ஒரு திருப்பத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். மீனம்மா பொழுதுபோகாமல் பைனாகுலரை எடுத்து எதிர் மலையைப் பார்த்தாள். யாரோ நிற்கிறார்கள் என்றாள். போயாவுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாதே என்று சுலக்ஷனா சொன்னாள். வேலை செய்யவில்லை, சும்மா நிற்கிறார் என்றாள் மீனம்மா. தேயிலைக்கு நடுவில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் வாங்கிப் பார்த்தேன். பூஞ்சணம் தெரிந்தது. வட்டத்தின் வரலாற்றில் முதன்முதலாகப் பைனாகுலரில் ஒன்று தென்பட்டிருக்கிறது, அதுவும் குருவியில்லை என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். விஜி சிரிக்கவில்லை. பைனாகுலரைக் கேட்கவும் இல்லை. மலையைக்கூடப் பார்க்கவில்லை. ஏற்கனவே தெரிந்த ஒரு செய்தியை இன்னொருவர் சொல்லக் கேட்பதுபோல் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான்.

நானுஓயாவில் பனி இறங்கத் தொடங்கியது. கந்தப்பளையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது கடைக்குப் பின்னால் இருந்த லீக்ஸ் பாத்திகள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருந்தன. இந்த முறை பார்த்தது சுலக்ஷனா. பாத்தி முடிகிற வரம்பில் ஒரு ஆள், முதுகு இந்தப் பக்கம். பைனாகுலர் இல்லாமலேயே தெரிந்தது. நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். உயரமான ஆள். அசையவில்லை. சட்டையின் முதுகில் ஏதோ சிவப்பாக இருந்தது. பனி ஒருமுறை மூடித் திறந்தது. அதற்குள் வரம்பு வெறுமையாகிவிட்டது.

உரப்பை போர்த்தியிருப்பார்கள் என்றேன். உரப்பையில் சிவப்பு எழுத்து இருக்கும். எல்லோரும் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் என்னுடைய எந்தக் கருத்தையும் அவர்கள் ஏற்றுக்கொண்டதில்லை.

திரும்பிப் போய்விடலாமா என்று நிலக்ஷி என் காதுக்குள் கேட்டாள். விஜியைப் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றிருந்தான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு முடிவுக்கு வந்தவன்தான் அப்படிச் சாப்பிடுவான்.

தோட்டத்து கேட்டில் வாச்சர் கந்தப்பன் எங்களை ஞாபகம் வைத்திருந்தார். குருவிக்காரர்களா என்றார். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பனியில என்னா குருவிய பாக்கப் போறீங்க? கைய நீட்டுனா கையே தெரியல" என்றார். அரிய வகைகள் பனியில்தான் வெளியே வரும் என்று நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டியபடி கேட்டைத் திறந்தார்.

வேனைப் போன வருடம் நின்ற இடத்திலேயே ஹமீத் நானா நிறுத்தினார். இந்த முறை ஓரமாக, ஒரு லொறி போகும் அளவுக்கு இடம் விட்டு. பாறைக்குத் தேயிலை நடுவே ஒற்றையடிப் பாதை. விஜி முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் ஒட்டியபடி நான். எனக்கு மூச்சு வாங்கியது, ஏற்றமே இல்லாத பாதையில்.

அவன் திடீரென்று நடையைக் குறைத்தான். எனக்கும் தெரிந்தது. எங்களுக்கு முன்னால், பனி தடிப்பாகிற இடத்தில், இன்னொருவர் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் நின்றால் நின்றார். தேயிலை வாதுகள் அவர் இடுப்பில் உரசியும் ஒரு சத்தம் இல்லை. முதுகில் வாயில் மாலையோடு ஒரு மயில், சிவப்பு. அது நான் அடித்த மயில். மை சரியாகப் பிடிக்காமல் வால் பக்கம் கொஞ்சம் கரைந்திருக்கும். அந்தக் கரைந்த இடம்கூட அப்படியே இருந்தது. என் கைத்தொழிலின் குறை இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில் நான் விஜியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூப்பிடாதடா" என்றேன்.

"கூப்பிடலண்ணே" என்றான் விஜி, வெகு சாதாரணமாக.

பாறைக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. வெள்ளையாகப் பள்ளத்தாக்கு மட்டும். கீழே எங்கோ லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், யாரோ பக்திப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அது மேலே வரும்போது பாட்டாக இல்லை, முனகலாக இருந்தது. எனக்கு நிம்மதி வந்தது. பார், ஒன்றுமில்லை, ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புவோம் என்றேன். இப்போது நினைத்தால், அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வரிசையாக நின்றோம். இடது ஓரத்தில் நிலக்ஷி, பிறகு மீனம்மா, சுலக்ஷனா, நான், எனக்கு வலப்பக்கம் விஜி. விஜிக்கு அப்பால் யாரும் இல்லை. போன வருடம் நிப்ராஸ் நின்ற இடம் அது. எங்கள் கால்களுக்கு முன்னால் ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்குப் பாறை, அதற்குப் பிறகு பனி. ஹமீத் நானா விஜியின் போனை வாங்கிக்கொண்டு பின்னால் போனார். கைகோத்தோம்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றது பின்னாலிருந்து அவர் குரல். "வலது பக்கம் ஒராள் வெளிய போறார்."

நாங்கள் நெருங்கினோம். பழக்கம். நெருங்கி முடித்த பிறகுதான் வலது பக்கத்தில் விஜிக்கு அப்பால் யார் வெளியே போக முடியும் என்று எனக்கு உறைத்தது. நானாவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

என் கை விஜியின் இடது கையில். அவனுடைய வலது கை எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் போதும். சட்டத்தை மதித்துத் திருப்பவில்லை என்று எழுத ஆசைதான். பயம். நேரே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே" என்றான் விஜி மெதுவாக. "இந்தக் கை சூடா இருக்கு."

என் கை ஐஸ்கட்டியாக இருந்தது. அவன் என் கையைச் சொல்லவில்லை.

"ஒண்ணும் சொல்லாத. படம் எடுத்துட்டுப் போயிருவோம்."

"பக்கத்துலதான் நிக்கிறான். ஓரக்கண்ணுக்குத் தோள் தெரியுது. மொகம் தெரியல. நான் முன்னால போய் ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேன்."

"முன்னால எடமில்லடா."

"ரெண்டு அடி இருக்கு."

"அது பனிடா விஜி."

அவன் ஒரு காலை முன்னால் வைத்தான். பிறகு என்னைத் தேற்றுவதுபோல் அந்தக் கால் தரையில் நன்றாகப் படிந்திருப்பதைத் தட்டிக் காட்டினான். முதுகைக் காட்டி நிற்கிற ஒருவனின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவனுக்கு முன்னால்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் பாறை இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை. நான் என் கையை இறுக்கினேன். என் இடது பக்கத்தில் சுலக்ஷனா என்னை இறுக்கினாள். அவளை மீனம்மா, மீனம்மாவை நிலக்ஷி. அந்த வரிசை முழுக்க ஒரே கயிறாகிவிட்டது. ஆனாலும் அவன் இரண்டாவது காலையும் எடுத்தான். மெலிந்தவனுக்கு அந்த பலம் எங்கிருந்து வந்ததோ.

"அவன் ஒன்ன இழுக்குறானாடா?" என்றேன்.

"இல்லண்ணே." கொஞ்சம் யோசித்தான். "சும்மாதான் நிக்கிறான். எதுக்கோ காத்துகிட்டு நிக்கிற மாதிரி."

காத்துக்கொண்டு. அந்தச் சொல் காதில் விழுந்ததும், போன வருடத்து மரக்கறி லொறியின் ஹோர்ன் என் தலைக்குள் அடித்தது. வாடா என்று நான் கூப்பிட்டது, அவன் சொன்ன பதில், முதுகாலேயே வேன்வரை நடந்தது, நாங்கள் சிரித்தது. அதற்குப் பிறகு யார் சொன்னோம்? யாருமே சொல்லவில்லை. சட்டம் போட்டவனே சட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வருடமாக நிற்கிறான். எங்களில் எவன் மறந்தாலும் மறக்காதவன் அவன்.

"நானா" என்றேன், திரும்பாமல். "சொல்லுங்க."

பின்னால் அவர் ஒரு அடி எடுத்து வைத்தது கேட்டது. பிறகு, "என்னத்த சொல்ல?"

"படம் எடுத்த பொறகு சொல்றத. போன வருஷம் நீங்க சொல்லல. லொறிக்கு ஓடிட்டீங்க."

விஜியின் விரல்கள் ஒவ்வொன்றாக என் கையிலிருந்து நழுவின. சுண்டுவிரல் மட்டும் மிச்சம். நான் கலியாணக் காட் மடிக்கிற கைக்காரன், விரலில் பிடி உண்டு. அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே லயத்துப் பாட்டு நின்றுபோயிருந்தது.

ஹமீத் நானா தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் திரும்பலாம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் சொன்னார்: "நிப்ராஸ் தம்பி, நீங்களும்தான். மன்னிச்சிக்கோங்க. ஒங்கள நிக்க வச்சிட்டு ஓடினது நான்தான்."

திரும்பினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினேன். இதையும் மறைக்க முடியாது, ஏனென்றால் நிலக்ஷி பார்த்துவிட்டாள், சாகும்வரை சொல்லிக் காட்டுவாள். செருப்புகள் பாறையில் தேயும் சத்தம் கேட்டது. என் கையில் இருந்த சுண்டுவிரல் முன்னால் போகவில்லை, என்னோடு சேர்ந்து சுற்றி வந்தது.

கண்ணைத் திறந்தபோது எனக்கு நேரே ஹமீத் நானாவின் முகம் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. விஜிக்குப் பக்கத்தில், விஜியின் தலைக்குக் கொஞ்சம் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிப்ராஸ் உயரமானவன். நானாவின் கையில் இருந்த போன் மார்போடு சாய்ந்திருந்தது. அவர் உதடு அசைந்தது.

"வஅலைக்கும் ஸலாம்" என்றார்.

எங்களில் யாரும் அவருக்கு ஸலாம் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் போனைத் தூக்கி ஒருமுறை அழுத்தினார். அது சட்டத்துக்கு விரோதம், எல்லோருடைய முகமும் விழும். யாரும் தடுக்கவில்லை. யாரும் முகத்தை மறைக்கவும் இல்லை. மீனம்மா சுலக்ஷனாவின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள், பகல் வெளிச்சத்தில்.

விஜி எனக்கு எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனை மட்டும்தான் பார்த்தேன், அவன் பார்த்த இடத்தை அல்ல. பஸ்ஸில் யாரையாவது வழியனுப்பும்போது, கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறவர் ஏதோ சொல்ல, அது காதில் விழாமல் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறவன் மாதிரி நின்றான். தலையை ஒருமுறை ஆட்டினான். காற்று வந்தது. பனி பாறை மீது ஏறி எங்களைத் தாண்டிப் போனது. அவனுடைய வலது கை மெல்லத் திறந்துகொண்டது.

பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதான். நாங்கள் சுற்றி நின்றோம். நிலக்ஷி தன் துப்பட்டாவைக் கொடுத்தாள், மூக்கைச் சிந்த வேண்டாம் என்ற நிபந்தனையோடு. அவன் சிந்தினான்.

"தாடைக்குக் கீழ ஒரு தழும்பு இருந்துச்சுல்ல" என்றான். "கடையில தகரம் கிழிச்சது. அத மறந்தே போயிட்டேன்ண்ணே."

"சிரிச்சானா?" என்று நான் கேட்டேன்.

"எங்க சிரிச்சான். ஒரு வருஷமா நிக்க வச்சிட்டீங்களேடான்னு மொறச்சான்."

அது நிப்ராஸ்தான். சந்தேகமே இல்லை.

பாதையில் திரும்பி நடந்தபோது விஜி எனக்குப் பின்னால் வந்தான். நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் இருந்தான். வேனில் ஏறினோம். ஜன்னல் பக்கத்துச் சீட்டில் விஜி தானே தள்ளி உட்கார்ந்தான். ஹமீத் நானா வெளியே நின்று கதவின் கைப்பிடியைப் பிடித்தார். வழக்கம்போல் நிற்பார் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. ஒரே இழுவையில் சாத்தினார். உருளைக்கு ஒரு குறையும் இல்லை.

கேட்டில் கந்தப்பன் குடையோடு வந்து ஜன்னலில் தட்டினார். ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்டார். நான் அரிய வகை என்று தொடங்குவதற்குள், காலையிலிருந்து வெளியாளிடம் ஒரு வார்த்தை பேசாத விஜி கண்ணாடியை இறக்கினான்.

"ஒண்ணு வந்துச்சுங்க" என்றான். "பாத்துட்டுப் போயிருச்சு."

அந்தப் படம் அவனுடைய போனில் இருக்கிறது. அதில் யார் யார் விழுந்திருக்கிறார்கள், விஜிக்கு அப்பால் பனி மட்டும்தானா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும், நிலக்ஷி கேட்டுப் பார்த்தாள், அதனால் அவளுக்கும் தெரியும். பார்த்தவள் தன் வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் எனக்கும் காட்டுவான். ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டு அவன் கடை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். இன்னும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற என் மூஞ்சியைப் பார்க்க எனக்கு என்ன அவசரம்.

சிவப்பு மை மட்டும் ஒரு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த போயாவுக்கு எல்லோருடைய சேர்ட்டிலும் அந்த நிறத்திலேயே அடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை முன்பக்கத்தில்.